எடுத்துக் கொடுத்தவள்

ஓர் இயந்திரத்தின் மேல் பொறாமைப்படுவது கேவலம் என்று உமாமகேஸ்வரி டீச்சருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பட்டாள். பக்கத்து வீட்டுக்காரி புதுச் சங்கிலி போட்டுக்கொண்டால் வருகிற பொறாமை இரண்டு நாளில் ஆறிவிடும். இது மூன்று வருஷமாக ஆறவில்லை.

இயந்திரம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. புளியங்கொட்டை அளவு. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். அரசாங்கக் காகிதங்களில் அதற்கு மொழித்துணை என்று பெயர். ஆங்கிலம் தெரியாத ஒரே காரணத்தால் அரசுப் பள்ளிப் பிள்ளை எதுவும் பாடம் புரியாமல் உட்கார்ந்திருக்கக் கூடாது, புரிந்து படிப்பது அந்தப் பிள்ளையின் உரிமை என்று ஒரு சட்டம் வந்தது. சட்டத்தோடு இதுவும் வந்தது. பிள்ளை ஆங்கிலத்தில் தானாக நிற்கிற வரைக்கும் காதோடு இருக்கும். நின்றுவிட்டது என்று அதுவே கணித்துத் தற்சார்புச் சான்றிதழ் கொடுத்ததும், பள்ளிக்கூடம் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். நல்ல சட்டம்தான். வந்த அன்று உமா டீச்சரே கைதட்டினாள்.

கரூருக்குப் பக்கத்தில் வேலாந்துறை அரசு பெண்கள் பள்ளியில் மொழித்துணை என்று யாரும் சொல்வதில்லை. பிள்ளைகள் அதற்குக் காதக்கா என்று பேர் வைத்துவிட்டார்கள். காதில் இருக்கிற அக்கா. இருபத்தாறு வருஷமாக அதே பள்ளியில் ஆங்கிலம் நடத்தும் உமாவை ஒரு பிள்ளையாவது அக்கா என்று கூப்பிட்டதுண்டா?

ஒரு காலத்தில் உமா டீச்சரின் வகுப்பு தெருவுக்கே கேட்கும். "தி சன் ரைசஸ் இன் தி ஈ...?" என்று இழுத்து அவள் காதருகே கையை வைத்தால், "ஈஸ்ட்!" என்று நாற்பத்தைந்து தொண்டைகள் கூரையைத் தூக்கும். எதிரே டீக்கடைக்காரர் பால் ஆற்றிக்கொண்டே எட்டாம் வகுப்புப் பாடம் முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டார் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவளுக்கு அதில் பெருமை. வகுப்பென்றால் உயிர் இருக்க வேண்டும், பிள்ளைகள் வாய் திறக்க வேண்டும் என்பாள். இப்போது அதே அறையில் நாற்பத்தைந்து பேரும் தனித்தனியாக உதட்டை அசைத்துக்கொண்டு, காதில் கேட்கும் எதற்கோ தனித்தனியாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கரும்பலகைக்கு முன்னால் அவள், கல்யாண வீட்டு வாசலில் தாம்பூலப் பை கொடுக்க நிறுத்தி வைத்தவள் மாதிரி நிற்கிறாள்.

"டீச்சர், இந்தப் பாடம் நீங்க நடத்த வேண்டாங்க. காதக்கா நேத்தே நடத்திட்டாங்க" என்று ஒருத்தி மிக மரியாதையாகச் சொன்ன நாளில் அவள் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆயுத பூஜையைத்தான் பொறுக்க முடியவில்லை. காதக்காக்களுக்குச் சார்ஜ் ஏற்றும் தகரப் பெட்டிக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சந்தனம் குங்குமம் இட்டு, சாமந்திச் சரம் சுற்றி, எதிரே பொரிகடலைத் தட்டை வைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். பிறகு ஒரு பிள்ளை ஓடிவந்து டீச்சர் கை நிறையப் பொரி கொடுத்தது. படையல் அதற்கு, பிரசாதம் இவளுக்கு. உமாவுக்கு வயிறு எரிந்தது. பொரியைச் சாப்பிட்டாள், என்ன செய்ய.

அவள் பொறாமைக்கு ஒரு மனித முகமும் கிடைத்திருந்தது. மொழித்துணை வந்த புதிதில் நடந்த பயிற்சி முகாமில், கல்வித் துறையின் தொழில்நுட்ப அதிகாரி ரகோத்தமன் ஒரு தகவல் சொன்னார். நல்ல மனிதர், எதைச் சொன்னாலும் மன்னிப்புக் கேட்பது போலவே சொல்வார்.

"குரல் செயற்கைதாங்க. ஆனா பாடம் சொல்லித் தர்ற விதம் இருக்கு பாருங்க, எங்க நிறுத்தணும், எங்க கேட்கணும்ங்கறது, அதெல்லாம் நிஜமான ஒரு டீச்சர்கிட்ட இருந்து மெஷின் கத்துக்கிட்டது. அஞ்சு வருஷம் முன்னால மாநிலம் பூரா நாலாயிரம் டீச்சருக்குக் கழுத்துல மைக் மாட்டினோமே, ஞாபகம் இருக்குங்களா? அந்தப் பதிவுல முதலிடம் வந்த டீச்சர்."

"யாரு அவங்க?" என்று உமா கேட்டாள்.

"சொல்லக் கூடாதுங்க. விதி அப்படி."

உமாவுக்கு ஞாபகம் இல்லாமலா? அந்த மைக்கை ஒரு பருவம் முழுக்க அவளும் கழுத்தில் போட்டிருந்தாள். அது தாலிக்கொடியோடு சிக்கிக்கொண்டு தினமும் உயிரை வாங்கியது. ஒலியை மட்டும்தான் பதியும் என்று சொல்லியும் கேட்காமல், அந்தப் பருவம் முழுக்க நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனாள். கடைசியில் எவளோ ஒருத்தி முதலிடம். அவள் சென்னைக்காரியாகத்தான் இருப்பாள். கான்வென்டில் படித்தவள், அப்பா பெரிய உத்தியோகம், கைத்தறிப் புடவையும் வெள்ளிக் கம்மலுமாக வகுப்புக்குள் மிதந்து வருகிறவள். உமா அவளுக்கு மகராசி என்று பெயர் வைத்தாள். தோசை கருகினாலும் மகராசியைத்தான் திட்டினாள்.

இப்படி இருக்கும்போதுதான் கோபிகா திரும்பி வந்தாள்.

கோபிகாவின் அப்பா தண்டபாணி, பேருந்துக்குக் கூடு கட்டும் பட்டறையில் வெல்டர். மகள் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் எல்லாம் பேருந்து வரைவாள். எல்லாப் பேருந்திலும் படிதான் முக்கியம். புடவை தடுக்காமல், முட்டி வலிக்காமல் பெண்கள் ஏறுகிற படி. பத்தாம் வகுப்பில் காதக்கா அவளுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றேழு போட்டுத் தற்சார்புச் சான்றிதழ் கொடுத்தது. மாவட்டத்திலேயே அதுதான் அதிகம். கோவையில் வாகன வடிவமைப்புப் பட்டயப் படிப்பில் இடம் கிடைத்தது. பட்டறையில் லட்டு கொடுத்தார்கள். போய் ஐந்து வாரம்தான் ஆகிறது, இதோ ஆசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறாள்.

"ஏன் கோபி, லீவா?"

"இல்லீங்க டீச்சர். வந்துட்டேன்."

"வந்துட்டேன்னா?"

கோபிகா தரையைப் பார்த்தாள். "அங்க எல்லாமே இங்கிலீஷ்லதாங்க. பேசவே வரல."

"உனக்கா வரல? தொண்ணூத்தேழு வாங்கின புள்ளைக்கா?" உமா அவளை உட்கார வைத்துச் சோதித்துப் பார்த்தாள். "மை ஃபாதர் பில்ட்ஸ்...?"

"பஸ்ஸஸ், டீச்சர்."

"எ குட் பஸ் மஸ்ட் பி சேஃப் ஃபார்...?"

"விமன் அண்ட் சில்ட்ரன்."

பத்துக் கேள்வி கேட்டாள். பத்துக்கும் பதில், கண்ணாடி வெட்டினாற்போல. உச்சரிப்பு உமாவுடையதைவிடச் சுத்தம். அது வேறு கொஞ்சம் குத்தியது. "நல்லாத்தானே பேசறே? சரி, டெல் மீ அபௌட் யுவர் ஃபாதர்."

கோபிகா வாய் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மூடினாள். மறுபடி திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் தண்ணீர் கட்டியது.

"நீங்க ஆரம்பிச்சு வைங்க டீச்சர்" என்றாள். "பாதி சொன்னா மீதிய முடிச்சிருவேன். அங்க யாரும் பாதி சொல்ல மாட்டேங்கறாங்க. சார் பேரக் கூப்பிட்டுட்டுச் சும்மா பாக்கறாரு. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. ஒரு சந்தேகம் கேக்கக்கூட எப்படி எடுக்கறதுன்னு தெரியலீங்க. காதக்காவத் திருப்பித் தாங்கன்னு எழுதிக் குடுத்தேன். சான்றிதழ் வாங்கியாச்சு, உன் உரிமை முடிஞ்சுதுன்னுட்டாங்க. சீட்டு இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் இருக்குமாம்."

உமாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். மறைப்பானேன், அதுதான் உண்மை. காதக்கா தோற்றுவிட்டாள், மகராசியின் குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று உள்ளுக்குள் ஒருத்தி கும்மியடித்தாள். அடுத்த நொடி எதிரே ஒரு பிள்ளை துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்து அந்தக் கும்மிக்காரியை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது.

மறுநாள் ஒரு காதக்காவை வாங்கித் தன் காதிலேயே ஒட்டிக்கொண்டு நாள் பூராவும் கேட்டாள். இனிமையான குரல். வாக்கியத்தை அழகாக எடுக்கும். முக்கால்வாசி வந்ததும் நிறுத்திக் காத்திருக்கும். பிள்ளை கடைசிச் சொல்லைப் போட்டதும், சபாஷ் என்று அடுத்ததை எடுக்கும். ஒரு மணி நேரத்துக்கு இருநூறு சபாஷ். அத்தனை வாக்கியத்திலும் தொடக்கம் அதனுடையது. சான்றிதழுக்கு அது எண்ணியதும் அந்தக் கடைசிச் சொற்களைத்தான்.

தலைமையாசிரியை ஜெசிந்தாவின் அறைக்குள் நுழையும்போதே உமா கத்தினாள். "எவளோ ஒரு மகராசி, புள்ளைங்களுக்கு வாயில ஊட்டி ஊட்டியே பழக்கியிருக்கா டீச்சர்! கையால எடுத்துச் சாப்பிடவே தெரியாம வளத்து வச்சிருக்கா. மொழி உரிமை ஆணையத்துல மனுப் போடப் போறேன்."

ஜெசிந்தா கண்ணாடியைக் கழற்றினாள். "போடுங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. மெஷின் மேல இருக்கற பொறாமையில பண்றீங்கன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க."

"சொல்லட்டும். பொறாமைதான். அதுக்காகப் புள்ள ஊமையா நிக்கறது பொய்யாயிருமா?"

"ஆகாது. எப்பக் குடுக்கறீங்க?"

"நாளைக்கே. நாளைக்கு என்ன கிழமை, வியா...?"

"வியாழன். நான் எட்டாங்கிளாஸ் புள்ள இல்ல டீச்சர்" என்றாள் ஜெசிந்தா.

மனுவில் மூன்று கோரிக்கைகள் நியாயமானவை. கோபிகாவின் சான்றிதழை ரத்து செய்ய வேண்டும். ஒரு மனித ஆசிரியரின் உதவியோடு அவளுடைய இடத்தைத் திருப்பித் தர வேண்டும். இதே சான்றிதழ் வாங்கிய எல்லாப் பிள்ளைகளையும் மறுபடி சோதிக்க வேண்டும். கையெழுத்துப் போடும் நேரத்தில் உமா நான்காவதாக ஒன்றையும் சேர்த்தாள். இந்த முறையை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்த ஆசிரியையின் பெயரை வெளியிட வேண்டும். கோபிகாவுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மகராசியின் முகம் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

விசாரணை திருச்சியில், மொழி உரிமை ஆணையத்தின் மாடி அறையில். கோபிகா அப்பாவோடு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தண்டபாணி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கை முழுக்க வெல்டிங் பொறி பட்ட தழும்புகள். தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் ரகோத்தமன் உமாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டீச்சர், அந்த நாலாவது கோரிக்கைய மட்டும் எடுத்துருங்களேன்."

"ஏன்? பெரிய இடத்துப் பொண்ணுங்களா?"

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காதுக் கேட்பானை எடுத்து நீட்டினார். "குரல் மாத்தாத ஒரிஜினல் பதிவு. கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க."

உமா ஆவலாக அதைக் காதில் வைத்தாள். முதலில் கேட்டது ஒரு மின்விசிறி. சுற்றுக்கு ஒரு தடவை கிரீச்சென்றது. எத்தனை மனு எழுதியும் யாரும் எண்ணெய் விடாத, பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவின் மூன்றாவது மின்விசிறி. அப்புறம் வளையல் சத்தம். அப்புறம் ஒரு பெண் குரல். கொஞ்சம் கட்டையாக, கொஞ்சம் அதிகாரமாக, "வாட்டர் பாய்ல்ஸ் அட் எ ஹண்ட்ரட் டி...?" என்று இழுத்தது. "டிக்ரீஸ்!" என்று பிள்ளைகள் கூரையைத் தூக்கினார்கள்.

மின்விசிறியை அடையாளம் தெரிந்த அளவு சீக்கிரம் தன் குரலை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான்.

"நானா?"

"நீங்கதாங்க." ரகோத்தமன் வழக்கம் போல மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார். "நாலாயிரம் வகுப்புல எதுல புள்ளைங்க குரல் அதிகமாக் கேக்குதோ, அதுதான் சிறந்த வகுப்புன்னு மெஷினுக்குச் சொல்லி வச்சிருந்தோம். உங்க வகுப்புல நிமிஷத்துக்கு ஆறு தடவ வாய் திறந்திருக்காங்க. ரெண்டாவதா வந்தவங்க வகுப்புல ரெண்டு தடவதான். பக்கத்துலகூட ஆள் இல்லீங்க."

"ஆறும் கடைசி வார்த்தை."

"ஆமாங்க. அதை நாங்க யாரும் கவனிக்கல." அவர் தொண்டையைச் செருமினார். "இந்த வருஷம் உங்களுக்கு மாநில விருது அறிவிக்கறதா இருக்காங்க. மொழித்துணையின் மூல ஆசிரியைன்னு. மனுவ வாபஸ் வாங்கிட்டா நல்லது. குறைய அடுத்த பதிப்புல சத்தமில்லாம சரிபண்ணிருவோம். ரெண்டு வருஷம் ஆகும்."

"கோபிகாவோட சீட்டு?"

ரகோத்தமன் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. ஆனால் உமாவுக்கு அப்போதும் முதலில் வந்தது பூரிப்புதான். நாலாயிரம் பேரில் முதலிடம்! பக்கத்தில்கூட ஆள் இல்லை! ஆயுத பூஜையில் பிள்ளைகள் சந்தனம் இட்டுக் கும்பிட்டது, அக்கா என்று கூப்பிட்டது, எல்லாம் இவளைத்தான். மூன்று வருஷமாக இவள் தோசைக் கல்லின் முன் நின்று திட்டிய மகராசி இவளே. யாரைப் பார்த்து வயிறெரிவது என்று தெரியாமல் அந்த எரிச்சல் திக்குமுக்காடி நின்றது.

பூரிப்பு அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. காதக்காவுக்கு முன்னால் இருபத்து மூன்று வருஷம் அவளிடம் படித்த பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். பேருந்து நிலையத்தில், ரேஷன் கடையில், கல்யாண மண்டபத்தில் பார்த்தால் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். உங்க கிளாஸ்தாங்க டீச்சர் ஜாலி, எப்படிக் கத்துவோம் என்பார்கள். எல்லாம் தமிழில். ஒருத்திகூட அவளிடம் ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசியதில்லை. மரியாதைக்காகப் பேசவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

பெஞ்சில் கோபிகா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். உமா கேட்பானை ரகோத்தமனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அப்பாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

ஆணையத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்த அம்மாள். துறையின் வக்கீல் தொண்ணூற்றேழு என்ற எண்ணை நான்கு தடவை சொன்னார். தலைவர் கையமர்த்திவிட்டுக் கோபிகாவைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"கோபிகா, ஒய் டூ யூ வாண்ட் டு டிசைன் பஸ்ஸஸ்?"

கோபிகா எழுந்து நின்றாள். வாய் திறந்தது. சுவரில் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. கோபிகா தலைவரைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள், கடைசியில் உமாவைப் பார்த்தாள். தண்டபாணி பின் வரிசையிலிருந்து பாதி எழுந்து கிசுகிசுத்தார். "டீச்சர், எடுத்துக் குடுங்க டீச்சர். புள்ள முடிச்சிரும்."

முடித்துவிடுவாள். அதில் சந்தேகமே இல்லை. பிகாஸ் மை மதர் என்று மூன்று சொல் போதும், மீதி அருவி மாதிரி வரும். அறையே அசந்துபோகும். சான்றிதழும் அசையாமல் நிற்கும், பிள்ளை ஊருக்கே திரும்பிப் போகும். உமாவுக்கு வாய் நமநமத்தது. இருபத்தாறு வருஷப் பழக்கம், நாக்கு நுனி வரை வந்து நின்றது. பல்லால் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். பிள்ளையின் பார்வை உச்சந்தலையில் சுடுவது தெரிந்தது. கடிகாரத்தின் வினாடி முள் ஒரு சுற்றுச் சுற்றி இரண்டாவது சுற்றில் இறங்கியது. கோபிகா விம்மிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வக்கீல் எழுந்தார். "பெரிய சபை, சின்னப் பொண்ணு. கூச்சம்தாங்க, வேறொண்ணும் இல்ல."

"கூச்சம் இல்லீங்கம்மா." உமா எழுந்தாள். குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. "பழக்கம். நான் காட்டறேன். கோபி, உக்காந்தே சொல்லு. தி ஸ்டெப்ஸ் ஆர் டூ ஹை, அண்ட் மை மதர்ஸ் நீஸ்..."

"ஹர்ட்," என்றாள் கோபிகா, அழுகையின் நடுவில், யோசிக்காமல்.

"ஹர் சேரி கெட்ஸ் காட், அண்ட் ஷீ..."

"ஃபால்ஸ் டவுன்."

"பாத்தீங்களாம்மா? பாதி குடுத்தா மீதி வரும். முதல் பாதி அந்தப் புள்ளகிட்ட இல்லவே இல்ல. யாரும் அத அதுகிட்டக் கேட்டதே இல்ல. தொண்ணூத்தேழுங்கறது மீதிய முடிச்சதுக்குப் போட்ட மார்க். முதல் வார்த்தைய எடுக்கறது புள்ளையோட உரிமைன்னா, அத தினமும் நிமிஷத்துக்கு ஆறு தடவ பறிச்சிருக்கோம்."

தலைவர் மனுவைப் புரட்டினார். "நாலாவதா ஒரு கோரிக்கை இருக்கே. அந்த ஆசிரியையின் பெயரைச் சொல்லத் துறை மறுக்குது. நீங்க வற்புறுத்தறீங்களா?"

ரகோத்தமன் உமாவைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"அவங்க சொல்ல வேண்டாங்கம்மா. நானே சொல்றேன்" என்றாள் உமா. "உமாமகேஸ்வரி. வேலாந்துறை அரசு பெண்கள் பள்ளி. கெட்ட எண்ணத்துல பண்ணல. வகுப்பு சத்தமா இருந்தா நல்லா நடக்குதுன்னு நினைச்சுட்டேன். பதிவுல ஏத்திக்குங்க."

தலைவர் பேனாவை மூடி மறுபடி திறந்தார். "ஒரு டீச்சர் தன் மேலேயே புகார் குடுத்து நான் பார்த்ததில்லம்மா" என்றார். பிறகு எழுத ஆரம்பித்தார். கோபிகாவின் சான்றிதழ் ரத்து. வகுப்பில் கூடவே உட்கார ஓர் ஆசிரியர், ஒரு வருஷத்துக்கு. கோவையில் இடம் அப்படியே இருக்கும். சான்றிதழ் வாங்கிய மற்ற அறுபதாயிரம் பிள்ளைகளுக்கும் மறுசோதனை, இந்தத் தடவை யாரும் எடுத்துக் கொடுக்காமல்.

கரூர்ப் பேருந்தில் தண்டபாணி முன்னால் ஓட்டுநரிடம் போய் உட்கார்ந்து, இந்தக் கூடு எந்தப் பட்டறையில் கட்டியது என்று சந்தோஷமாக விசாரித்துக்கொண்டிருந்தார். உமாவும் கோபிகாவும் பின்னால் ஒரே இருக்கையில். கோபிகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவள் திரும்பவே இல்லை. உமா வாங்கிக் கொடுத்த முறுக்கை மடியில் வைத்திருந்தாள், தொடவில்லை. குளித்தலை வந்தது, போனது.

விருது போய்விட்டது என்று உமாவுக்குத் தெரியும். வேறு யாருக்கோ கொடுப்பார்கள். அந்த யாரோ ஒருத்தி மேல் இப்போதே லேசாகப் பொறாமை வந்துவிட்டதை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது. நாளைக்குக் காலை வகுப்பில் என்ன செய்யப்போகிறோம் என்று நினைத்தபோது அந்தச் சிரிப்பு நின்றது. கேள்வி கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த அமைதியில் தான் எதற்கு என்ற பயம் வரும். வந்தாலும் நிற்க வேண்டும்.

"ஐ..."

உமா திரும்பினாள். கோபிகா இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐ... லுக் யூ" என்றாள். "இன் தட் ரூம். ஐ லுக் யூ, டீச்சர். யூ... யூ புட் யுவர் ஹெட் டவுன்."

தப்பும் தவறுமான ஆங்கிலம். தொண்ணூற்றேழு மார்க் வாங்கிய வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்ததே இல்லை. இதை யாரும் எடுத்துக் கொடுக்கவும் இல்லை. லுக் இல்லை, லுக்ட் அட் என்று திருத்த உமாவின் நாக்கு எழுந்தது. உட்கார வைத்தாள்.

"ஐ ஆம் வெரி..." கோபிகா நிறுத்தினாள். சொல் கிடைக்கவில்லை. நெற்றியைச் சுருக்கித் தேடினாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பிள்ளை எடுத்த வாக்கியம். முடிக்க வேண்டிய சொல் டீச்சருக்குத் தெரியும். வாயை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே காவிரி கூடவே வந்தது. மாயனூர் தாண்டிப் பேருந்து ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது.

"ஆங்ரி," என்றாள் கோபிகா, அவள் முகத்தை நேராகப் பார்த்து. "ஐ ஆம் வெரி ஆங்ரி வித் யூ."

உமா டீச்சர் சரி என்று தலையாட்டினாள். சபாஷ் என்று மட்டும் சொல்லவில்லை.